மோட்டார்ஹோம் டீசல் ஜெனரேட்டர்: சும்மா கிடந்தால்தான் கெடும்

அதிகம் ஓட்டினால் தேய்ந்துவிடும் என்று பயந்து, ஜெனரேட்டரைத் தொடாமலே வைத்திருக்கும் மோட்டார்ஹோம்காரர்கள் (உள்ளேயே தங்கி வாழும் வசதியுள்ள வண்டி வைத்திருப்பவர்கள்) அமெரிக்காவில் ஏராளம். வாங்கிப் பத்து வருடமான வண்டியில் மணிநேர மீட்டர் 200-தான் காட்டும். விற்கிறவர் அதைப் பெருமையாகச் சொல்வார். எனக்கோ அந்த எண்ணைக் கேட்டதும் சந்தேகம்தான் வரும். டீசல் ஜெனரேட்டர் உழைப்பதற்காகவே செய்யப்பட்ட இயந்திரம். நன்றாகப் பராமரித்தால் பல ஆயிரம் மணி நேரம் ஓடும். அதைக் கெடுப்பவை இரண்டு: மாதக்கணக்கில் ஓட்டாமல் விடுவது, ஓட்டும்போதும் லோடு (ஏசி, ஹீட்டர் போன்றவை இழுக்கும் மின்சுமை) கொடுக்காமல் வெறுமனே ஓட்டுவது. மற்ற பராமரிப்பெல்லாம் இதற்கு அடுத்துதான்.

உதாரணங்களுக்குப் பெரிய டீசல் மோட்டார்ஹோம்களில் பரவலாக இருக்கும் கம்மின்ஸ் ஓனன் கொயட் டீசல் ரகத்தை, அதிலும் 8000 வாட் ஜெனரேட்டரை எடுத்துக்கொள்கிறேன். தண்ணீரால் குளிரும் குபோட்டா எஞ்சின், மெயின் டேங்கிலிருந்தே டீசல், பெரும்பாலும் வண்டியின் முன்பக்கத்தில் வெளியே இழுக்கக்கூடிய தட்டில் இருக்கும். உங்களுடையது வேறு ரகமாக இருந்தாலும் முறை இதேதான். ஆயில் அளவு, மணி நேரக் கணக்கு போன்ற எண்களை மட்டும் உங்கள் மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் உயிர், அப்புறம் எஞ்சின்

எக்ஸாஸ்ட் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. டீசலில் அது பெட்ரோலை விடக் குறைவு என்பது உண்மைதான், ஆனால் தூங்கும் அறைக்குள் கசிந்தால் அந்தக் குறைவும் ஆளைக் கொல்லப் போதும். அதனால் வண்டிக்குள் இருக்கும் கார்பன் மோனாக்சைடு அலாரத்தின் பின்புறத்தைத் திருப்பி, காலாவதித் தேதியை இன்றே பாருங்கள். அந்த சென்சாருக்கு ஆயுள் உண்டு. பட்டனை அழுத்தினால் சத்தம் வருகிறதே என்று நம்பி இருக்க வேண்டாம். அந்தப் பட்டன் பீப்பரைத்தான் சோதிக்கிறது, பழைய சென்சாரை அல்ல.

எக்ஸாஸ்ட் குழாயின் நுனி வண்டியின் ஓரத்தைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். குழாய் இணைப்புகளைச் சுற்றி கரி படிந்திருந்தால் அங்கே கசிவு இருக்கிறது என்று அர்த்தம். சுவர், பனிக்குவியல், பக்கத்து வண்டி இவற்றுக்கு நேராக எக்ஸாஸ்ட் இருக்கும்படி நிறுத்திவிட்டு ஓட்டாதீர்கள். காய்ந்த புல் மேல் நிறுத்தினால் தீப்பிடிக்கும். டீசல், புரொப்பேன் எதை நிரப்பினாலும் ஜெனரேட்டர் அணைந்திருக்க வேண்டும்.

வேலை செய்யக் கை வைப்பதற்கு முன் ஜெனரேட்டர் பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றுங்கள். உள்ளே இருக்கும் ஒருவர் ஏசி போட நினைத்து டாஷ்போர்டில் ஸ்டார்ட் பட்டனை அழுத்தலாம். தானியங்கி ஸ்டார்ட் வசதி உள்ள வண்டியில் யாரும் அழுத்தாமலே, பேட்டரி இறங்கியதும் தானாக ஓடத் தொடங்கிவிடும்.

மாதம் ஒருமுறை, இரண்டு மணி நேரம், பாதி லோடு

இந்த ஒரு வேலையை மட்டும் ஒழுங்காகச் செய்தாலே பாதிப் பராமரிப்பு முடிந்த மாதிரி.

லோடு ஏன் வேண்டும்? டீசல் எஞ்சினில் லோடு குறைந்தால் சிலிண்டர் போதுமான சூட்டுக்கு வராது. டீசல் முழுவதும் எரியாமல் கரியாகவும் பிசுக்காகவும் எக்ஸாஸ்டில் சேரும். ஈரமான கறுப்புப் பசை குழாய் நுனியில் வழிந்தால் அந்தக் கட்டம் வந்துவிட்டது. இன்னும் விட்டால் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் முனைகளில் கரி படியும், சிலிண்டர் சுவர் பளபளப்பாகி பிஸ்டன் ரிங் ஒழுங்காக உட்காராமல் போகும், ஆயில் குறையத் தொடங்கும். எஞ்சினோடு சேர்ந்து மின்பகுதிக்கும் ஓட்டம் நல்லது. சூடு வந்தால்தான் சுருள்களில் படிந்த ஈரம் காயும்.

8000 வாட் ஜெனரேட்டருக்குப் பாதி லோடு என்றால் 4000 வாட். இப்படிச் சேருங்கள்:

1. ஆயில், கூலன்ட் அளவைப் பார்த்துவிட்டு, எந்த லோடும் இல்லாமல் ஸ்டார்ட் செய்யுங்கள். ஸ்டார்ட் ஸ்விட்சைப் பிடித்திருக்கும்போது விளக்கு மினுக்கினால் எஞ்சினை முன்கூட்டிச் சூடாக்கும் க்ளோ பிளக் வேலை செய்கிறது. குளிர் நாளில் இதற்குச் சில விநாடி கூடுதலாகும். பொறுமையாகப் பிடித்திருங்கள்.
2. இரண்டு மூன்று நிமிடம் வெறுமனே ஓடட்டும். வெளி மின்சாரத்துக்கும் ஜெனரேட்டருக்கும் இடையே மாற்றிவிடும் டிரான்ஸ்ஃபர் ஸ்விட்ச் எப்படியும் அரை நிமிடம் போலத் தாமதித்துத்தான் மின்சாரத்தை உள்ளே விடும்.
3. ஒரு கூரை ஏசியைப் போடுங்கள். அது நிதானமான பிறகு இரண்டாவது. ஒவ்வொன்றும் சுமார் 1500 வாட். இரண்டின் கம்ப்ரசரும் ஒரே நேரத்தில் கிளம்பினால் ஜெனரேட்டருக்கு வீண் அதிர்ச்சி.
4. மின்சார வாட்டர் ஹீட்டரைச் சேர்த்தால் நாலாயிரத்தைத் தாண்டிவிடும். குளிர்காலத்தில் ஏசிக்குப் பதில் 1500 வாட் ரூம் ஹீட்டர் இரண்டு, கூட பேட்டரி சார்ஜர்.
5. இரண்டு மணி நேரம் ஓடட்டும். இதற்குச் சுமார் ஒரு கேலன் டீசல் ஆகும்.
6. எல்லா லோடையும் நிறுத்தி, மூன்று முதல் ஐந்து நிமிடம் ஆறவிட்டு அணையுங்கள். லோடோடு இருக்கும்போதே பட்டென்று அணைத்தால், சூடு எஞ்சினுக்குள்ளேயே தேங்கும்.

அந்த இரண்டு மணி நேரத்தில் ஒருமுறை வெளியே போய்ப் பாருங்கள். புகையின் நிறம் நிறையச் சொல்லும். கறுப்பு என்றால் லோடு மிஞ்சுகிறது அல்லது காற்று போதவில்லை. எஞ்சின் சூடான பிறகும் வெள்ளை நின்றால் டீசல் எரியாமல் போகிறது, அல்லது கூலன்ட் உள்ளே கசிகிறது. நீலம் என்றால் ஆயில் எரிகிறது.

அரிசோனாவின் குவார்ட்சைட் பக்கம் ஒவ்வொரு குளிர்காலமும் ஆயிரக்கணக்கான மோட்டார்ஹோம்கள் பாலைவனத்தில் முகாமிடுகின்றன. அங்கே பலர் தினமும் ஜெனரேட்டரை ஓட்டுகிறார்கள், ஆனால் பேட்டரி சார்ஜ் செய்ய மட்டும். நூறு ஆம்பியர் சார்ஜர் முழு வேகத்தில் இழுத்தாலும் ஏறக்குறைய 1600 வாட், அதாவது ஐந்தில் ஒரு பங்கு லோடுதான். பேட்டரி நிரம்ப நிரம்ப அதுவும் குறைந்துகொண்டே போகும். தினமும் ஓட்டியும் எக்ஸாஸ்டில் பிசுக்கு சேருவது இதனால்தான். சார்ஜ் செய்யும் நேரத்திலேயே வாட்டர் ஹீட்டரைப் போட்டுக் குளியலை முடியுங்கள், மைக்ரோவேவில் சமையுங்கள், துணி துவைத்து உலர்த்துங்கள். பேட்டரியும் நிரம்பும், எஞ்சினும் சூடேறும்.

தூங்கும் நேரத்தில் மட்டும் ஓட்ட வேண்டாம். தேசியப் பூங்காக்களில் இரவு 10 முதல் காலை 6 வரை அமைதி நேரம் என்பது பொது விதி. 50 அடி தூரத்தில் 60 டெசிபலைத் தாண்டும் ஜெனரேட்டருக்குப் பகலிலும் அனுமதியில்லை. பல முகாம்களில் இதைவிடக் கடுமையான நேரங்களைப் பலகையில் எழுதி வைத்திருப்பார்கள்.

ஆயில்

மணிநேர மீட்டரைப் பார்த்து மாற்றுங்கள். பல ரகங்களில் புது எஞ்சினின் முதல் ஆயில் மாற்றம் 50 மணி நேரத்திலும், அப்புறம் 100 முதல் 150 மணி நேரத்துக்கு ஒருமுறையும் வரும். அந்த அளவு ஓடாவிட்டாலும் வருடத்துக்கு ஒருமுறை கட்டாயம். கரியும் ஈரமும் ஆயிலில் அமிலத்தை உண்டாக்கும், வண்டி ஷெட்டில் நிற்கும்போதும் அது வேலை செய்துகொண்டேயிருக்கும். வருடக் கணக்கைத் தட்டிக்கழிப்பவர்கள்தான் அதிகம்.

மிதமான தட்பவெப்பத்துக்கு 15டபிள்யூ-40 டீசல் எஞ்சின் ஆயில் போதும். ஆயில் டப்பாவில் மேனுவல் சொல்லும் தரக்குறி இருக்கிறதா என்று பாருங்கள், சிஜே-4 அல்லது அதற்கு அடுத்து வந்தது என்பதுபோல. பெட்ரோல் காருக்கான ஆயிலை ஊற்றாதீர்கள்.

வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். பத்து நிமிடம் லோடோடு ஓட்டி ஆயிலைச் சூடாக்கி, அணைத்து, நெகட்டிவ் கேபிளைக் கழற்றுங்கள். டிரெயின் போல்ட்டைத் திறந்து முழுவதும் வடியவிடுங்கள். கொதிக்கக் கொதிக்க இருக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். ஃபில்டரைக் கழற்றியதும் பழைய ரப்பர் வளையமும் கூட வந்ததா என்று பாருங்கள். அது எஞ்சினிலேயே ஒட்டியிருந்து, அதன் மேலே புது ஃபில்டரைப் போட்டால் ஆயில் முழுவதும் வெளியே பீய்ச்சிவிடும். புது வளையத்தில் விரலால் கொஞ்சம் ஆயில் தடவி, கையாலேயே இறுக்குங்கள். மேனுவல் சொல்லும் அளவுக்குச் சற்றுக் குறைவாக ஊற்றி, ஒரு நிமிடம் ஓட்டி, அணைத்து, ஐந்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) எடுத்துப் பார்த்து மீதியை ஊற்றுங்கள். அளவு மேல்கோட்டைத் தாண்டக் கூடாது.

ஆயில் குறைந்தால் எல்லோரும் கவலைப்படுவார்கள். கூடினால் இன்னும் கவலைப்பட வேண்டும். டீசலோ கூலன்ட்டோ ஆயிலில் கலக்கிறது என்று பொருள். டீசல் கலந்தால் மூக்கில் ஏறும். கூலன்ட் கலந்தால் ஆயில் பால் கலந்த காபி நிறத்துக்கு மாறும். இரண்டில் எது என்றாலும் மெக்கானிக் பார்க்கும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

பழைய ஆயிலை உதிரிபாகக் கடைகள் பெரும்பாலும் இலவசமாகவே வாங்கிக்கொள்வார்கள். அதில் கொஞ்சத்தைச் சோதனைக் கூடத்துக்கு அனுப்பினால், எந்த உலோகம் தேய்கிறது, கூலன்ட் கலந்திருக்கிறதா என்று சொல்வார்கள். பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கு இது மிகவும் பயன்படும்.

டீசல்தான் பாதிக் கோளாறுகளுக்குக் காரணம்

மோட்டார்ஹோம் டேங்கில் ஜெனரேட்டரின் உறிஞ்சு குழாய் அடிவரை போகாது. ஏறக்குறைய கால் டேங்க் உயரத்திலேயே நின்றுவிடும். ஜெனரேட்டர் முழு டீசலையும் குடித்துவிட்டு, வண்டியை நடுக்காட்டில் நிறுத்திவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. அதனால் வண்டியின் எஞ்சின் நன்றாக ஓடி, ஜெனரேட்டர் மட்டும் நின்றால் முதலில் டீசல் முள்ளைப் பாருங்கள். வண்டி சாய்வாக நின்றால் கால் டேங்குக்குச் சற்று மேலேயே காற்று இழுக்கும்.

அடுத்தது தண்ணீர். பாதி காலியான டேங்கில் இரவின் குளிருக்கு ஈரம் சுவரில் வியர்த்து டீசலில் இறங்கும். டீசலும் தண்ணீரும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர் வளர்ந்து, கறுப்புச் சளி போல ஃபில்டரை அடைக்கும். ஃப்ளோரிடா, டெக்சாஸ் கரையோரம் போன்ற புழுக்கமான ஊர்களில் மாதக்கணக்கில் நிறுத்துகிறவர்கள் டேங்கை நிரப்பி நிறுத்துங்கள், நுண்ணுயிரைக் கொல்லும் டீசல் பயோசைடு சேருங்கள். பயோ டீசல் கலவையும் ஈரத்தைக் கூடுதலாக இழுக்கும். எத்தனை சதவீதம் வரை போகலாம் என்று மேனுவல் சொல்லும், நீண்ட நாள் நிறுத்தப்போகும் டேங்கில் கலவை குறைவாக இருப்பது நல்லது.

ஃபில்டரை வருடம் ஒருமுறை மாற்றுவதே என் வழக்கம், மேனுவல் தாராளமாக நேரம் கொடுத்திருந்தாலும். விலை குறைவு, அடைத்துக்கொண்டால் இழப்பு அதிகம். புது ஃபில்டரில் டீசலை ஊற்றி நிரப்பிப் பொருத்தும் பழக்கம் பலருக்கு உண்டு. வேண்டாம், அப்படி ஊற்றும் டீசல் வடிகட்டாமலே இன்ஜெக்டருக்குப் போய்விடும். ஃபில்டரைக் காலியாகப் பொருத்திவிட்டு, ஓனனில் ஸ்டாப் ஸ்விட்சை அழுத்திப் பிடியுங்கள். சில விநாடியில் பம்பு ஓடும் சத்தம் கேட்கும். இரண்டு மூன்று நிமிடம் பிடித்தால் காற்று வெளியேறி டீசல் நிறையும். அப்புறம் ஸ்டார்ட் செய்யுங்கள்.

ஃபில்டர் புதிது, டேங்கும் நிறைய, ஆனாலும் லோடு ஏற்றியதும் தடுமாறி நிற்கிறதா? ரப்பர் குழாயைச் சந்தேகியுங்கள். டேங்கிலிருந்து ஜெனரேட்டர் வரை நீண்ட குழாய், உறிஞ்சும் பக்கம். அதில் ஒரு முடி அளவு விரிசல் இருந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால் சொட்டு தேடுவதில் பயனில்லை. பம்புக்கு முன்னால் சில அங்குலம் கண்ணாடி போன்ற குழாயைத் தற்காலிகமாக இணைத்து ஓட்டினால் குமிழி தெரியும். பத்துப் பன்னிரண்டு வருடமான வண்டியில், தேடுவதைவிட முழுக் குழாயையும் மாற்றுவது மலிவு.

குளிர்காலத்தில் வடக்கே போகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். சாதாரண இரண்டாம் நம்பர் டீசல் சுமார் மைனஸ் 10 டிகிரி செல்சியஸில் மெழுகு கட்டத் தொடங்கும். ஃப்ளோரிடாவில் நிரப்பிய டீசலோடு டகோட்டாவுக்குப் போய் நின்றால், ஃபில்டர் மெழுகால் அடைத்துக்கொள்ளும். போகும் வழியில், குளிர் தொடங்கும் மாநிலத்திலேயே நிரப்புங்கள். அங்கே குளிர்காலக் கலவை கிடைக்கும்.

சூடும் காற்றும்

கூலன்ட்டை எஞ்சின் குளிர்ந்த பிறகுதான் திறந்து பார்க்க வேண்டும். சூட்டில் மூடியைத் திறந்தால் முகத்தில் அடிக்கும். பாதி கூலன்ட், பாதி காய்ச்சி வடித்த தண்ணீர் என்ற கலவை மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. நிறத்தை நம்பி இன்னொன்றைக் கலக்காதீர்கள். பச்சை, ஆரஞ்சு என்பதெல்லாம் ஒவ்வொரு கம்பெனியின் விருப்பம். கலக்கக் கூடாதவை கலந்தால் உள்ளே கட்டி கட்டும்.

ஜெனரேட்டரின் ரேடியேட்டர் சாலைக்கு மிக அருகில் இருக்கிறது. புழுதி, பூச்சி, புல் எல்லாம் அதில் போய் அடையும். வருடம் ஒருமுறை தட்டை வெளியே இழுத்து, காற்று வெளியேறும் பக்கத்திலிருந்து மெதுவான தண்ணீரால் கழுவுங்கள். அதிவேகத் தண்ணீர் அடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும். கோடையில் இண்டர்ஸ்டேட் 10-இல் அரிசோனாவைக் கடக்கும்போது ஓட்டிக்கொண்டே இரண்டு ஏசியையும் ஜெனரேட்டரில் போடுவது வழக்கம், அதனால் கோடைக்கு முன்பே இந்தக் கழுவலை முடித்துவிடுங்கள்.

ஏர் ஃபில்டரை வருடம் ஒருமுறை மாற்றுங்கள், பாலைவனத்தில் முகாமிட்டால் ஊர் திரும்பியதும் பாருங்கள். கம்ப்ரசர் காற்றால் ஊதிச் சுத்தம் செய்தால் காகிதத்தில் ஓட்டை விழும், அப்புறம் மணல் நேரே சிலிண்டருக்குள் போகும்.

உயரமும் காற்றின் கணக்குத்தான். ஆயிரம் அடிக்குச் சுமார் மூன்றரை சதவீதம் சக்தி குறையும். கொலராடோவின் லெட்வில் 10,000 அடிக்கு மேல் இருக்கிறது. அங்கே 8000 வாட் ஜெனரேட்டர் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை இழந்து நிற்கும். கறுப்புப் புகை வந்தால் ஜெனரேட்டர் கெட்டுவிட்டது என்று பயப்படாதீர்கள், ஒரு ஏசியை அணையுங்கள்.

மின்பகுதி

ஜெனரேட்டர் பெரும்பாலும் வீட்டுப் பகுதி பேட்டரியிலிருந்துதான் ஸ்டார்ட் ஆகும். மந்தமாகச் சுற்றினால் ஸ்டார்ட்டரைக் குறை சொல்லும் முன் பேட்டரி முனைகளையும் கேபிள் நுனிகளையும் கழற்றித் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். எர்த் கேபிள் சட்டத்தோடு சேரும் இடம் துருப்பிடிப்பது மிகவும் சாதாரணம். பேட்டரி இறங்கியிருந்தால், டாஷ்போர்டில் இருக்கும் பூஸ்ட் ஸ்விட்ச் வண்டியின் எஞ்சின் பேட்டரியையும் சேர்த்துக் கொடுக்கும்.

ஜெனரேட்டர் ஓடுகிறது, உள்ளே மட்டும் மின்சாரம் வரவில்லை என்றால் ஜெனரேட்டரின் உடம்பிலேயே இருக்கும் பிரேக்கரை முதலில் பாருங்கள். அதைத் தட்டிவிட்டுவிட்டு நாள் முழுக்கத் தேடுகிறவர்கள் உண்டு. அடுத்தது டிரான்ஸ்ஃபர் ஸ்விட்ச் பெட்டி. அதன் திருகுகள் வண்டி ஓடும் அதிர்வில் தளரும், தளர்ந்தால் கருகும். 120 வோல்ட் என்பதால் துணிந்து கை வைக்க வேண்டாம். வெளி மின்சாரத்தின் பிளக்கை உருவி, ஜெனரேட்டரை நிறுத்தி, இன்வெர்ட்டரையும் அணைத்த பிறகே திறக்கலாம். மூன்றையும் அணைத்தோமா என்று சந்தேகம் வந்தால், அந்த வேலையை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

நின்றுவிட்டால்

ஓனன் நின்றதும் ஸ்விட்ச் விளக்கு மினுக்கும். அதை எண்ணுங்கள். இரண்டு என்றால் ஆயில் பிரஷர், நான்கு என்றால் சுற்றியும் ஸ்டார்ட் ஆகவில்லை. மூன்று என்றால் ஸ்டாப்பை ஒருமுறை அழுத்துங்கள், இரண்டு இலக்க எண்ணை மினுக்கிக் காட்டும். அடிக்கடி வருவது 36. யாரும் அணைக்காமலே எஞ்சின் நின்றது என்று பொருள், பெரும்பாலும் டீசல் கிடைக்காததே காரணம். டேங்க், ஃபில்டர், குழாய் என்ற வரிசையில் தேடுங்கள். ஆயில் பிரஷர் எண் வந்தால் மட்டும், திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள்.

குளிர்காலத்துக்கு நிறுத்தும்போது

ஆயிலை நிறுத்துவதற்கு முன்பே மாற்றுங்கள், வசந்தத்தில் அல்ல. பழைய ஆயிலின் அமிலம் ஆறு மாதம் எஞ்சினுக்குள் கிடக்க வேண்டாம். டேங்கை நிரப்பி, டீசல் ஸ்டெபிலைசர் ஊற்றி, அது ஜெனரேட்டர் வரை போகும்படி இரண்டு மணி நேரம் லோடில் ஓட்டி அணையுங்கள். பேட்டரியைக் கழற்றுங்கள், அல்லது நல்ல சார்ஜரில் விடுங்கள். எக்ஸாஸ்ட் நுனியையும் காற்று வரும் வாயையும் வலையால் மூடி, அந்த மூடியில் சிவப்பு நாடாவைக் கட்டி, அதன் மறுமுனையை ஸ்டார்ட் ஸ்விட்சில் தொங்கவிடுங்கள். மறந்து ஸ்டார்ட் செய்ய முடியாது. மண்குளவி எக்ஸாஸ்டுக்குள் கூடு கட்டும், தென்மேற்குப் பாலைவன எலிகள் வயர்களைக் கடித்துக் கூடு அமைக்கும். வசந்தத்தில் தட்டை இழுத்து டார்ச் அடித்துப் பார்த்த பிறகே கேபிளைப் பூட்டுங்கள்.

பயணத்தில் ஒரு பெட்டியில் இவை இருக்கட்டும்: ஒரு டீசல் ஃபில்டர், ஒரு ஆயில் ஃபில்டர், ஒரு ஏர் ஃபில்டர், ஒரு முறை மாற்றும் அளவு ஆயில், சில அடி டீசல் குழாயும் கிளாம்ப்களும், ஃபில்டர் கழற்றும் கருவி, மல்டிமீட்டர், ஒரு நோட்டு. அந்த நோட்டில் ஒவ்வொரு மாத ஓட்டத்தின் தேதி, மீட்டர் எண், கொடுத்த லோடு, புகையின் நிறம் எழுதுங்கள். மெக்கானிக் வந்தால் முதலில் கேட்பது அதைத்தான், வண்டியை விற்கும்போது வாங்குகிறவர் கேட்பதும் அதைத்தான்.